நீதியரசர் இஸ்மாயிலும் வாலியின் வழக்கும்

வழக்குரை என்னுஞ் சொல் கீழ்மாகாணத் தமிழர்க்குப் புதியதன்று. வைகாசித் திங்களிலே கண்ணகையம்மன் கோயில்களிற் கதவு திறந்து சடங்கு நிகழுங் காலத்துக் கண்ணகி வழக்குரை ஏடு பாடப்படுவதைச் சிறுபராயந்தொட்டுக் கேட்டு வளர்ந்தோர் காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களிற் பலர். அவ்வேட்டினைப் பாடுவோரும் கேட்போரும் சட்டங் கற்றவரல்லர். ஆயினும் பாண்டியன் செய்த பிழை யாது என்பதை அவர்கள் நன்கறிவர். பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட மன்னன் கோவலன் சொல்லைக் கேட்டிலன். ஒருபக்கங் கேட்டு முறைசெய்தலே அவன் செங்கோலை வளைத்தது. இவ்வளவில், நீதியை நிறுத்துக் காட்டும் துலாக்கோலாகவும் இலக்கியம் அமையும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாள் அனுபவம் எனலாம்.

இனி, நீதி வழங்குதலையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இலக்கியத்தை நோக்கி வந்தால் அங்கு விளையும் பயன் யாது என்பது ஆராயத்தக்க வினாவாகும். தமிழ்கூறு நல்லுலகில் அவ்வினாவுக்குச் சிறந்த விடையாக நிற்பவர் நீதியரசர் மு. மு. இஸ்மாயில் அவர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசராய் இருந்து பதவி துறந்தவர். கம்பராமாயணத்தைத் தம் வாழ்நாட் கல்வியாகக் கொண்டவர். அன்னாரின் நீதித்துறை வாழ்வையும் திறனாய்வு முறையையும் ஒருங்கே வைத்து மதிப்பிடுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாகூரிலிருந்து நீதிமன்றம் வரை

இஸ்மாயில் அவர்கள் 1921 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நாகூரிற் பிறந்தவர். கம்பன் பிறந்த தேரழுந்தூரும் நாகூரும் ஒரே சோழநாட்டு ஊர்கள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நாகூர் தமிழ்ப் புலமைக்குப் பெயர்பெற்ற ஊருமாகும். மதுரை நான்காந் தமிழ்ச் சங்கத்திற் போற்றப்பெற்ற குலாம் காதிறு நாவலர் தோன்றியதும் அவ்வூரிலேயாம். ஆதலின் நாகூர் மைந்தர் ஒருவர் கம்பனிடத்து ஈடுபட்டார் என்பதில் வியப்புக்கு இடமில்லை.

சட்டங் கற்று வழக்கறிஞராய் விளங்கிய அவர், 1967 ஆம் ஆண்டிலே தில்லி உயர் நீதிமன்றத்து நீதியரசராக நியமனம் பெற்று, அவ்வாண்டிலேயே சென்னைக்கு வந்தார். ஈண்டு ஒரு சொல் விளக்கம் வேண்டும். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் தலையாய மன்றைக் குறிக்கும். இந்தியாவிலோ அப்பெயர் மாநிலந்தோறும் அமைந்த மன்றுக்கு உரியது. அதற்கு மேலே தில்லியில் உச்ச நீதிமன்றம் உண்டு. மாவட்ட மன்றுகளிலிருந்து வரும் மேன்முறையீடுகளை விசாரித்தல் மாநில உயர் நீதிமன்றத்தின் பெரும்பணி. 1862 இல் தொடங்கிய சென்னை மன்றிலே, கீழ்மன்றிற் கேட்கப்பட்டவை செவ்வனே கேட்கப்பட்டனவா என்று மறுபடியுங் கேட்கும் தொழிலிலேயே இஸ்மாயில் அவர்களின் நடுவயதுக் காலம் கழிந்தது. 1979 இல் அவர் அம்மன்றின் பிரதம நீதியரசரானார். 1980 இன் பிற்பகுதியிற் சில நாள் தமிழ்நாட்டின் பதில் ஆளுநராகவும் கடமையாற்றினார்.

அவருடைய பணிகளுட் பொதுமக்கள் நெஞ்சிற் பதிந்தது சிறை விசாரணையாகும். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 பெப்ரவரியிலே சென்னை மத்திய சிறையில் அரசியற் கைதிகள் இரவிலே தாக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான சிட்டிபாபு 1977 சனவரியில் இறந்தார். அவ்வாண்டு நெருக்கடிநிலை நீங்கியபின் இச்செய்திகளை விசாரிக்கும் ஆணையம் இஸ்மாயில் அவர்களின் தலைமையில் அமைந்தது. பூட்டிய கதவுகளுக்குள்ளே நிகழ்ந்ததற்கு அடிபட்டோரும் அடித்தோருமே சாட்சிகள். இரு திறத்தாரையுங் கேட்டு எழுதிய அவ்வறிக்கை, அடி நிகழ்ந்தது உண்மையே என்று பதிவு செய்தது. அதிகாரம் மறைத்ததைக் கேள்வி வெளிப்படுத்தியது என்க. கேள்வி என்ற தமிழ்ச்சொல் வினவுதலையும் செவியாற் கொள்ளுதலையும் ஒருங்கே குறித்தல் ஈண்டு எண்ணி மகிழத்தக்கது. வினவுவான் செவி சாய்த்தல் வேண்டும் என்பது சொல்லிலேயே அடங்கியுள்ளது.

வினாவை வகுக்கும் திறனாய்வு

நீதிமன்றப் பணியோடு ஒருங்கே இலக்கியப் பணியும் நடந்துவந்தது. 1975 இலே சென்னைக் கம்பன் கழகம் தோன்றியபோது அதன் தலைவராய் நின்று அதனை வளர்த்தவர் இஸ்மாயில் அவர்கள். இலக்கிய மலர்கள், கம்பன் கண்ட சமரசம் முதலியன அவர் நூல்கள். அவற்றுள் வாலி வதையை ஆராயும் மூன்று வினாக்கள் என்னும் நூல் தனிச்சிறப்புடையது.

அந்நூலின் பெயரே அவருடைய முறையைக் காட்டிவிடும். உரிமையியல் வழக்கொன்று மன்றுக்கு வந்தால், நீதிபதி முதலிற் செய்வது எழுவினாக்களை வகுத்தல். வாதி சொல்வது இது, பிரதிவாதி மறுப்பது இது, எனவே முடிவு காணவேண்டிய வினாக்கள் இவை என்று வரையறை செய்தபின்பே சாட்சியம் தொடங்கும். வினா வகுக்கப்படாத வழக்கிற் சாட்சியம் பெருகும், முடிவு பிறவாது. இலக்கியத் திறனாய்விலும் இந்நோய் உண்டு. நயம் நயம் என்று அடுக்கிச் செல்லுங் கட்டுரைகள் பல. எவ்வினாவுக்கு விடை தேடுகின்றன என்று கேட்டால் மறுமொழி இராது. வினாவை முதலில் நிறுத்துதல், நூலின் சொல்லையே சாட்சியாகக் கொள்ளுதல், எதிர்வாதத்தை அதன் முழுவலியோடு எடுத்து வைத்தல், பின்னரே முடிவு கூறல் என்னும் ஒழுங்கு தமிழ்த் திறனாய்வுக்கு நீதிமன்றம் தந்த கொடை எனின் மிகையாகாது.

இராமகாதையைக் குற்றக் கூண்டில் ஏற்றியோர் அவருக்கு முன்னரும் உளர். 1943 இலே சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் அறிஞர் அண்ணாதுரையும் பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளையும் கம்பராமாயணம் பற்றி எதிரெதிர் நின்று வாதிட்டமை தமிழுலகம் அறிந்தது. அண்ணாதுரையின் நீதிதேவன் மயக்கம் என்னும் நாடகம் இராவணன் வழக்கை மறுவிசாரணைக்குக் கொணர்ந்தது. இருபக்கத்தாரும் ஆற்றல் மிக்கவர். ஆயினும் இருவரும் வழக்கறிஞர் நிலையில் நின்றனர். தம் பக்கத்தை வெல்விப்பது வழக்கறிஞர் கடன். நடுவில் அமர்ந்து இருபக்கமும் நிறுக்கும் இருக்கை வெறுமையாய்க் கிடந்தது. அவ்விருக்கைக்கு உரிய பயிற்சியோடு வந்தவர் இஸ்மாயில் அவர்கள்.

வாலி வதைப் படலத்தில் மூன்று கேள்விகள்

இம்முறையின் பயனை மாணவர் தாமே காணுதற்குக் கிட்கிந்தா காண்டத்து வாலி வதைப் படலத்தை அவ்வொழுங்கின்படி நோக்குவது தக்கது.

முதலிற் கேட்கப்படாது போனவன் சுக்கிரீவன். மாயாவியைத் துரத்திக் குகைக்குட் சென்ற தமையன் நெடுங்காலம் மீளவில்லை, அமைச்சரும் பிறரும் வற்புறுத்த, தம்பி அரசேற்றான், குகைவாயில் அடைக்கப்பட்டது. மீண்டுவந்த வாலி சினங்கொண்டான். சுக்கிரீவன் நடந்ததைச் சொல்லிப் பிழைபொறுக்க வேண்டினான், வாலி கேட்டிலன். தம்பியை அடித்துத் துரத்தினான். அவன் மனைவி உருமையையும் கவர்ந்தான். பின்னர் இராமன் வாலிமேற் சுமத்துங் குற்றங்களுட் பிறன்மனை கவர்ந்தமை பெரிதாகத் தோன்றும். ஆயின் அதற்கு முன்னே நிற்பது இன்னொரு குற்றம். பிழையில்லேன் என்று அடைந்த உடன்பிறந்தானைக் கேளாமல் ஒறுத்தமை அது. கேளாமையாகிய வித்திலிருந்தே ஏனைய கொடுமைகள் முளைத்தன.

இரண்டாவதாகக் கேட்கப்படாது போனவன் வாலி. இராமன் சுக்கிரீவன் பக்கத்துச் செய்தியைக் கேட்டான். அனுமன் அதனை விரித்துரைத்தான். வாலியை அழைத்துக் கேட்டாரில்லை. அதனினும் நெஞ்சை வருத்துவது ஒன்றுண்டு. போருக்குப் புறப்பட்ட வாலியைத் தாரை தடுத்து, இராமன் உன் தம்பிக்குத் துணையாய் வந்துளான் என்று எச்சரித்தாள். வாலி அவளைக் கடிந்தான். சிற்றன்னை சொல்லுக்காகத் தம்பிக்கு அரசு கொடுத்தவன், சகோதரர் இருவர் பொருதும் போரில் இடைப்புகுவானா என்று இராமனின் நடுவுநிலைக்குத் தானே சான்று பகர்ந்தான். அச்சான்றைப் பகர்ந்த மார்பிலேயே அம்பு தைத்தது.

மூன்றாவது கேள்வியே கம்பன் பெருமையை நிலைநாட்டுவது. அம்பைப் பறித்து அதிற் பொறித்த பெயரைக் கண்ட வாலி வழக்குரைக்கத் தொடங்குகிறான். குலத்தையும் அறத்தையும் சுட்டி வினவுகிறான். உன் மனைவியைக் கவர்ந்தவன் அரக்கன். குரங்கினத்தரசனைக் கொல்லுதல் எந்நூல் முறை என்கிறான். மறைந்து நின்றது ஏன் என்கிறான். கதைத்தலைவனாகிய இராமன்மேல் இத்துணைக் கூரிய சொற்களை எய்ய வேறெவர்க்கும் கம்பன் இடந்தந்திலன். இராமன் விடை கூறுகிறான். விலங்கினத்துக்கு மனித அறம் பொருந்தாது என்று வாலி வாதிட, அறமும் மறமும் இவையென அறிந்தவனுக்குப் பிறப்பு ஒரு புகலிடமன்று என்று இராமன் மறுக்கிறான். இஃது ஆழ்ந்த சட்டநெறி. பொறுப்பு அறிவைத் தொடர்ந்து வருவதன்றிச் சாதியைத் தொடர்ந்து வருவதன்று.

ஆனால் மறைந்து நின்றது ஏன் என்ற வினாவுக்கு விடைசொல்பவன் இராமனல்லன், இலக்குவன். சுக்கிரீவனுக்கு இராமன் முன்னரே வாக்களித்தனன். நேரே தோன்றின் நீயும் அடைக்கலம் புகக்கூடும். அப்போது கொடுத்த சொல் என்னாம் என்பது அவ்விடையின் சாரம். இங்கே நீதிமன்றப் பயிற்சியுடையோர் கண் கூர்மை பெறும். குற்றஞ் சாட்டப்பட்டவன் அமைந்திருக்க, அவன்பக்கத்தார் ஒருவர் மறுமொழி கூறுவது சாட்சியமா, வாதமா? அன்றியும், வாலி அடைக்கலம் புகுதற்கு வாய்ப்பிருந்தது என்று கூறும் அவ்விடை, அவனை முன்னரே அழைத்துக் கேட்டிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டதாகாதா? இராமபத்தி மிக்க புலவன் இவ்வினாவை மறைத்திருக்கலாம். அவன் மறைத்திலன், இலக்குவன் வாயில் ஒரு விடையை வைத்து, இராமனை அவ்விடத்தில் மௌனியாக்கினான். அவ்விடையால் வாலி மனம் அமைந்தான் என்று கவி கூறும். கற்போர் மனம் முற்றும் அமைவதில்லை. அமையாத அம்மிச்சமே நூற்றாண்டுகள் கடந்தும் அப்படலத்தை உயிரோடு வைத்திருக்கிறது.

இவ்விடத்திலே நீதிமன்ற முறையின் எல்லையும் புலனாகும். தீர்ப்பு வழக்கை முடித்து வைப்பது, கோப்பு மூடப்படும். கவிதையோ முடித்தபின்னும் திறந்தே கிடப்பது. வாலிக்கு நீதி கிடைத்ததா என்று மட்டுங் கேட்போர், அவன் இறுதியிற் செய்ததைக் காணாது போவர். சாகுந் தறுவாயில் அவன் இராமனிடம் வரங் கேட்கிறான். என் தம்பி மதுவுண்டு பிழை செய்வானாயின் என்மேல் எய்த அம்பை அவன்மேல் எய்யற்க என்கிறான். தமையனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பியர் அவனை இகழ்வாராயின் தடுப்பாயாக என்கிறான். தம்பியின் ஒரு சொல்லையுங் கேளாதிருந்தவன், அத்தம்பிக்கே வழக்கறிஞனாகி உயிர்விடுகிறான். தானே கேட்கப்பட்டபின்பு அவனுக்குப் பிறரைக் கேட்குஞ் செவி திறந்தது. இம்மாற்றத்தை எத்தீர்ப்பும் ஆணையிட இயலாது. வினா வகுக்கும் முறை கற்போரை இவ்விடம் வரை கைப்பிடித்துக் கொணரும். அதன்மேற் செல்வதற்கு நெஞ்சே வேண்டும். நீதியரசரைப் பின்பற்றித் திறனாய முற்படும் இளைஞர் இவ்வெல்லையை அறிந்திருத்தல் நன்று. இன்றேற் கம்பன் பாத்திரங்கள் யாவரும் கூண்டிலேறிய எதிரிகளாகவே தோன்றுவர்.

நீதியரசர்க்கு வந்த ஆணை

கேளாது விதித்தல் என்னும் இதே வினா நீதியரசரின் வாழ்விலும் வந்து நின்றது. நெருக்கடிநிலைக் காலமாகிய 1976 இலே உயர் நீதிமன்ற நீதியரசர் பதினறுவர் தத்தம் இசைவின்றி வேறு மாநிலங்களுக்கு மாற்றப்பட்டனர். அவருள் சங்கல்சந்து சேத்து என்பார் வழக்காடினார். 1977 இலே உச்ச நீதிமன்றம், பொதுநலன் கருதியும் இந்தியத் தலைமை நீதியரசரை உண்மையாகக் கலந்துமே அத்தகைய மாற்றம் செய்யப்படலாம் என்றது. எனினும் நீதியரசரின் இசைவு இன்றியமையாததென்று அது கொள்ளவில்லை.

1981 சனவரியிலே பாட்னாவின் பிரதம நீதியரசர் கே. பி. என். சிங் சென்னைக்கும், சென்னையின் இஸ்மாயில் கேரளத்துக்கும் மாற்றப்பட்டனர். சிங்கின் மாற்றம் பெருவழக்கின் ஒரு பகுதியாயிற்று. எஸ். பி. குப்தா வழக்கு எனப்படும் அதில் எழுவர் கொண்ட ஆயம் 1981 திசம்பரில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மையோர் மாற்றம் செல்லும் என்றனர். நீதியரசர் பகவதி உள்ளிட்டோர் செல்லாதென்றனர். இஸ்மாயில் அவர்களோ தம் மாற்றத்தை எதிர்த்து வழக்காடவில்லை. கேரளத்துப் பதவியை ஏற்கவுமில்லை. 1981 சூலையிலே பதவி துறந்தார். அறுபத்திரண்டாம் வயதில் ஓய்வுபெறும் விதிப்படி 1983 பெப்ரவரி வரை அவர் அப்பதவியில் இருந்திருக்கலாம்.

இச்செயலை எங்ஙனம் மதிப்பிடுவது? போற்றுவோர் இதனை மானத்தின்பாற்படுத்துவர். நீதி வழங்கியவன் தன்பொருட்டுத் தானே வாதியாய் நிற்றல் மன்றின் மாண்புக்கு இழுக்கு என்பது அவர் கருத்து. மறுபக்கமும் உண்டு. கேளாது விதித்த ஆணை முறையற்றதெனின், அம்முறையின்மையை வெளிப்படச் சொல்லும் உரிமையும் கடமையும் அவர்க்கு இருந்தன. வாலி பேசியதனாலன்றோ மறைந்து நின்றமை வினாவாயிற்று? பேசாது இறந்திருப்பின் அம்பு எய்தவன் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கும். ஆதலின் அவருடைய மௌனத்தாற் சட்டம் ஒரு வாதத்தை இழந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. இருபக்கமும் நிறுத்துப் பார்க்குமிடத்து, அத்துறவு குறைவற்ற வெற்றியுமன்று. அச்சத்தாற் பிறந்த பின்வாங்கலுமன்று. பதவி தம்முடையதன்று, நெறி தம்முடையது என்ற தெளிவு அதிலே இருந்தது. அதன்பின் 2005 சனவரியில் மறையும் வரை அன்னார் வாழ்ந்த ஏறக்குறைய இருபத்து நான்கு ஆண்டுகளிற் கம்பனே அவர் மன்றமாயினான். பதவியோடு பெருமையும் போய்விடுவோர் பலருள், பதவி போனபின் பணி பெருகியவர் சிலர். அச்சிலருள் ஒருவர் அவர்.

ஒரு புகழுரையின் குறை

இஸ்மாயில் அவர்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், முஸ்லிமாயிருந்தும் கம்பனைக் கற்றார் என்று வியப்பர். அன்பினால் எழும் புகழ்தான் அது. ஆயினும் அந்த ‘இருந்தும்’ என்ற சொல்லினுள்ளே ஒரு வேலி மறைந்து கிடக்கிறது. கம்பன் ஒரு சமயத்தார்க்கே உரியன், ஏனையோர் விருந்தினர் என்ற எண்ணம் அதிலே தொனிக்கிறது. உமறுப் புலவர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களாற் சீறாப்புராணம் பாடியபோது கம்பன் வகுத்த காப்பிய நெறியிலேயே நடந்தார். அவ்வழியில் வந்தோர்க்குக் கம்பன் இல்லத்துப் பெரியவரேயன்றி அயலாரல்லர். ஆகவே அவரை நடுவுநிலை தவறாது கற்ற திறனாய்வாளர் என்று புகழ்வதே அவர்க்குச் செய்யும் நீதியாகும். சமயங்கடந்தார் என்பது அதன்பின் தானே விளங்கும்.

இதற்கு இணையான செய்தி இக்கரையிலும் உண்டு. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற்றமிழ்ப் பேராசிரியராய் இருந்த காலத்து அவரிடங் கற்றவர் ம. மு. உவைஸ். தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் அவ்வறிஞர். துறவி ஒருவரின் மாணவர் இசுலாமியத் தமிழை ஆராய்ந்ததும், நாகூர் நீதியரசர் இராமகாதையை ஆராய்ந்ததும் ஒரே தமிழின் இரு கைகள் செய்த தொழில்.

வீரமுனையும் சம்மாந்துறையும் அடுத்தடுத்த ஊர்கள். வயலுக்கு வரும் நீர் ஒன்று. பேசும் மொழி ஒன்று. பாடும் நாட்டுக்கவியின் ஓசையும் ஒன்று. ஆயினும் 1990 ஆகஸ்ட் மாதத்திலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோரும், ஏறாவூரில் இரவிலே வீடுகளில் இருந்தோரும், வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலிலே அடைக்கலம் புகுந்தோரும் சில நாள் இடைவெளியிற் கொலையுண்டனர். அன்றுதொட்டு ஒவ்வோர் ஊரும் தன் இறந்தோரின் பெயரை அறியும். அடுத்த ஊரின் இறந்தோர் பெயரை அறிந்தோர் சிலரே. ஒருபக்கம் மட்டும் பாடப்படும் வழக்குரையாக நினைவு நின்றுவிடின், பாண்டியன் பிழை ஊர்தோறும் மறுபடி நிகழும்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். துலாக்கோல் தானாக நிறுப்பதில்லை. இரு தட்டிலும் பொருள் வைக்கப்படல் வேண்டும். ஒரு தட்டு வெறிதாயின் மற்றது தாழ்வது பாரத்தாலன்று, வெறுமையாலாம். நீதியரசர் இஸ்மாயில் சிறைக்கூடத்திற் கேட்டதும் கம்பன் கவியிற் கேட்டதும் அவ்வெறுந் தட்டில் வைக்கவேண்டிய சொல்லையே. அன்னாரின் நூல்களை மாணவர் கற்பதாற் கம்பனை அறிவர். அதனோடு, தமையன் கேளாதுவிட்ட தம்பியின் சொல் யாது, அடுத்த ஊரான் சொல்ல வந்து சொல்லாது போனது யாது என்று வினவும் பழக்கமும் பெறுவராயின், அந்நீதியரசர்க்குச் செய்யுங் கைம்மாறு அதுவேயாகும்.